காய் விட்டால் பழமும் விடத் தெரியணும்

பிள்ளைகளின் மனசு: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றி வந்தன. வீட்டில் நடக்கும் சண்டை, பள்ளியில் கிடைக்கும் ஒதுக்கல், அக்கா தம்பி அடிதடி. இதெல்லாம் பிள்ளையின் மனசில் தழும்பாக நின்றுவிடுமோ என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. உறவு அறுந்துபோகாத வீடு எங்கும் கிடையாது. அறுந்ததை மறுபடி முடிச்சுப் போடுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் அடிக்கடி வாக்குவாதம் வரும். மகனுக்கு நாலு வயசு. சத்தம் கேட்டதும் ஓடிவந்து நடுவில் நின்று, எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொள்வான். அதனால் இப்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொள்கிறோம். இது போதுமா?
– ஒரு தாய்

கதவு சத்தத்தைக் குறைக்கும், விஷயத்தை மறைக்காது. சாதாரணமாக உள்ளே போன அப்பா அம்மா இறுகின முகத்தோடு வெளியே வருவதையும், இரவு சாப்பிடும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதையும் உங்கள் மகன் கவனிக்கிறான். என்ன நடந்தது என்று யாரும் சொல்லாததால் அவனே ஒரு காரணம் கண்டுபிடிப்பான். நாலு வயதில் எல்லாமே தன்னைச் சுற்றித்தான் நடக்கிறது என்று தோன்றும். அதனால் பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் விடை "என்னாலதான்" என்பதாக இருக்கும்.

பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ். பெரியவர்கள் இருவர் வாக்குவாதம் செய்வதுபோல் நடிக்கவைத்து, அதைப் பிள்ளைகளைப் பார்க்கவைத்தார். சில காட்சிகளில் சண்டை சமாதானத்தில் முடியும், சிலவற்றில் அப்படியே தொங்கலில் நிற்கும். சமாதானமான சண்டையைப் பார்த்த பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. சமாதானம் கண்ணெதிரே நடக்காமல், பின்னால் நடந்ததாகத் தெரிந்தால்கூட ஆறுதல் கிடைத்தது. முகம் கொடுக்காத மௌனமோ வாய்ச்சண்டையைப் போலவே அவர்களைப் பாதித்தது.

ஆகவே கதவைச் சாத்திச் சண்டை போட்டால், கதவைத் திறந்து சமாதானத்தைக் காட்டுங்கள். அன்றைக்கே, அவன் தூங்கப் போவதற்கு முன்னால், முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று விஷயம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, அது அவனால் இல்லை, இனி என்ன செய்யப் போகிறோம். "அப்பாவும் நானும் கொஞ்சம் சத்தமா பேசிட்டோம். உன்னை யாரு கூட்டிட்டு வர்றதுன்னு குழப்பம். உன்மேல எங்களுக்குக் கோபமே இல்ல. இனிமே முந்தின நாள் ராத்திரியே பேசி வெச்சுக்குவோம்." இவ்வளவு போதும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதில் தப்பு நடக்கும் இடங்களும் உண்டு. காரணத்தை விலாவாரியாகச் சொல்லிப் பிள்ளையை நீதிபதியாக்கிவிடுவோம். "உங்கப்பாகிட்ட போய் சொல்லு" என்று தூது அனுப்புவோம். எல்லாவற்றையும்விட மோசம், கண் கலங்கியிருக்கும்போதே "ஒண்ணுமில்லையே கண்ணா" என்று சிரிப்பது. பிள்ளை தன் கண்ணால் பார்த்ததையே நம்பக்கூடாது என்று அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

அவன் நடுவில் வந்து கையைப் பிடிக்கும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, "எங்களைச் சேர்த்துவைக்கிறது உன் வேலை இல்லடா செல்லம், அதை நாங்க பாத்துக்குவோம்" என்று சொல்லுங்கள். "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனுஷன்!" என்று மட்டும் பாராட்டாதீர்கள். வீட்டைச் சமாதானமாக வைத்திருக்கும் பொறுப்பைச் சுமக்கிற பிள்ளை தன் சொந்த அழுகையை அடக்கிக்கொள்ளப் பழகிவிடும்.

வாக்குவாதம் கைநீட்டலாக, மிரட்டலாக மாறும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதல் வேலை தாயும் பிள்ளையும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் வெளியாள் உதவியைப் பெறுவதும்தான்.

கேள்வி: மகளுக்கு 14 மாதம். நான் வேலைக்குப் போவதால் பகல் முழுக்கப் பாட்டியிடம் இருக்கிறாள். விழுந்து அடிபட்டால் என்னிடம் வராமல் பாட்டியிடம் ஓடுகிறாள். சாயங்காலம் நான் வந்ததும் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் மனசில் எனக்கு இடமில்லையா?
– வேலைக்குப் போகும் அம்மா

இருக்கிறது. பாட்டியின் மடி உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையால் ஒன்றுக்கும் மேற்பட்டவர்களோடு உறுதியான பாசப் பிணைப்பு வைத்துக்கொள்ள முடியும். அடிபட்ட நேரத்தில் யார் பக்கத்தில் இருந்து பழக்கமோ அவரிடம் ஓடுவது இயல்பு. நம்பி ஓட ஒருவர் இருக்கிறார் என்பதே நல்ல செய்திதான்.

பாசப் பிணைப்பைப் பற்றிய சிந்தனையைத் தொடங்கிவைத்தவர் இங்கிலாந்தின் ஜான் போல்பி. அதைச் சோதித்துப் பார்க்க வழி கண்டவர் மேரி ஐன்ஸ்வொர்த். பழகாத ஓர் அறையில், ஏறக்குறைய 20 நிமிடத்தில், ஒரு வயதுக் குழந்தையிடமிருந்து தாய் இருமுறை பிரிந்து திரும்பி வருவார். தாய் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் அவரிடம் எப்படி வருகிறது, எவ்வளவு சீக்கிரம் ஆறுதலடைந்து விளையாட்டுக்குத் திரும்புகிறது என்பதைத்தான் ஐன்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தார். உங்களுக்கும் அதுதான் முக்கியம். சாயங்காலத்தின் முதல் கால் மணி நேரத்தைப் பாருங்கள்.

வந்ததும் பையை வைத்துவிட்டு, கைகால் கழுவிவிட்டு, தரையில் உட்காருங்கள். அவளை இழுத்து அணைக்க வேண்டாம். "அம்மா வந்துட்டேன். உனக்கு என்மேல கோபம்போல" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருக்கும் பொருளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடம் முகத்தைத் திருப்பட்டும். பிறகு அந்தப் பொருளை உங்களிடம் நீட்டுவாள். அதுதான் அவள் விடும் பழம். வாங்கிக்கொண்டு விளையாட்டில் சேருங்கள். இந்தக் கால் மணி நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

கைப்பேசியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1970-களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் நடத்திய சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் போடும். எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். திரையைப் பார்க்கும் முகமும் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். அதே ட்ரோனிக் ஆறுதலான இன்னொன்றையும் சொன்னார். இயல்பான விளையாட்டிலேயே தாயும் குழந்தையும் ஒத்திசைந்து இருப்பது மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் விலகுவதும் மறுபடி சேர்வதும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் நம்பிக்கை வளர்கிறது.

காலையில் அவள் பார்க்காத நேரம் நழுவிப் போகாதீர்கள். அழுகை அந்த நிமிடம் குறையும். ஆனால் அம்மா எந்த நேரமும் காணாமல் போகலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால், நாள் முழுக்க உங்கள் புடவையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். ஒரு முத்தம், கையாட்டல், "தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்ற ஒரே வாக்கியம், அப்புறம் கிளம்பிவிட வேண்டும். அழுகிறாளே என்று மூன்று தடவை திரும்பி வந்தால் அழுகை மூன்று மடங்காகும்.

கேள்வி: இரண்டரை வயசுப் பையன் மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடாமல் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடுகிறான். பொம்மையையும் பகிர்ந்துகொள்ள மாட்டான். கவலைப்படணுமா?

வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது விளையாட்டு வளர்ச்சியில் ஒரு படி என்று ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதிவிட்டார். கூடிப் பேசி, வேடம் பிரித்துக்கொண்டு ஆடும் விளையாட்டு நாலு வயதை ஒட்டித்தான் பெருகும். இப்போது "பகிர்ந்துக்கோ" என்று பிடுங்கிக் கொடுப்பதைவிட "முடிச்சதும் அவனுக்குக் குடு" என்று முறை வைத்து விளையாடச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு இருந்தால் பாதிச் சண்டை குறையும். கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆறு வயசு மகன் பள்ளியில் எல்லோரையும் அடிப்பதாகப் புகார் வருகிறது. கேட்டால் "அவன் வேணும்னே இடிச்சான்" என்கிறான். விசாரித்தால் கூட்டத்தில் தெரியாமல் இடித்ததாகத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்கிறானா?
– ஒரு தந்தை

பொய் இல்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. 1980-ல் கென்னத் டாட்ஜ் வெளியிட்ட ஆய்வில் சிறுவர்களிடம், அவர்கள் அடுக்கிக்கொண்டிருந்த விளையாட்டை இன்னொரு பையன் கெடுத்துவிட்டதாகத் தெரியவைத்தார்கள். வேண்டுமென்றே செய்தானா, தவறிப்போய் நடந்ததா என்பது தெளிவாகத் தெரிந்தபோது முரட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களும் பெரிய வித்தியாசமில்லாமல் நடந்துகொண்டார்கள். எது என்று தெரியாத நிலையில்தான் வித்தியாசம் வந்தது. முரட்டுப் பிள்ளைகள் அதைப் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிப் பகையாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் வீட்டிலும் உருவாகலாம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர் சாய்கிறது. "கண்ணு எங்க இருக்கு? வேணும்னுதானே தட்டிவிட்ட?" என்று கேட்கும் வீட்டில், கை தவறுவது என்று ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும். "கை பட்டுடுச்சா? துணி எடுத்துட்டு வா, சேர்ந்து துடைப்போம்" என்று கேட்டால், எண்ணம் வேறு, விளைவு வேறு என்பது தினம் ஒரு தடவை பாடமாகிவிடும். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாற்றத் தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை என்பதால் சொல்கிறோம்.

அடுத்து 'மூணு காரணம்' விளையாட்டு. தினமும் ஐந்து நிமிடம், அமைதியான நேரத்தில். "ஒரு பையன் உன் பையைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டான். ஏன்? மூணு காரணம் சொல்லு." முதல் காரணம் "கெட்டவன்" என்று வரும். சரி, வரட்டும், மறுக்காதீர்கள். "அப்புறம்?" என்று காத்திருங்கள். "ஓடிட்டிருந்தான்", "பாக்கல" என்று அவன் வாயிலிருந்தே வர வேண்டும். நீங்கள் எடுத்துக்கொடுத்தால் பயன் பாதியாகிவிடும். வாரங்கள் பிடிக்கும். அடித்துவிட்டு வந்த நாளில், கோபம் அடங்காத நேரத்தில் இந்த விளையாட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். தண்டனைபோல் தெரிந்துவிட்டால் பிறகு ஒட்டாது.

வகுப்பில் ஒருமுறை முரடன் என்று பெயர் வாங்கிவிட்டால், தெரியாமல் கை பட்டாலும் 'அடிச்சான்' என்றே மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். அதனால் அவன் சந்தேகம் நிஜமாகவே உறுதிப்படும். ஆசிரியரிடம் பேசி, அவன் நன்றாகச் செய்யக்கூடிய ஒரு பொறுப்பை, மற்றவர்கள் பார்க்க, அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பெயர் மாறாமல் பிள்ளை மட்டும் மாறுவது கடினம்.

கேள்வி: எட்டு வயசு மகள் இடைவேளையில் தனியாகவே நிற்கிறாள். 'யாரும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க' என்று அழுகிறாள். ஆசிரியை 'ரொம்ப அமைதி' என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?
– மகளைப் பற்றிய கவலையில் பெற்றோர்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கப்படுவது வேறு, கவனிக்கப்படாமல் இருப்பது வேறு. 1982-ல் ஜான் கோய், டாட்ஜ், கொப்பொட்டெல்லி மூவரும் வகுப்புப் பிள்ளைகளிடம் "யாரை ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது" என்று கேட்டு வகைப்படுத்தினார்கள். பலர் "பிடிக்காது" என்று சொல்லும் பிள்ளை ஒரு வகை. யார் வாயிலும் பெயரே வராத பிள்ளை இன்னொரு வகை. இரண்டாவது வகைப் பிள்ளைகளில் பலர் அடுத்த வகுப்பில், புதிய கூட்டத்தில் தாமாகவே தேறிவிடுவார்கள். முதல் வகைக்குத்தான் கூடுதல் உதவி தேவை. உங்கள் மகள் எந்த வகை என்று ஆசிரியையிடம் இப்படிக் கேளுங்கள்: "அவ கேட்டுப் போனப்ப வேண்டாம்னு சொல்றாங்களா, இல்ல இவ போறதே இல்லையா?"

போகவே தயங்குகிறாள் என்றால், விளையாட்டுக்குள் நுழைவது ஒரு திறமை என்று புரிந்துகொள்ளுங்கள். கற்றுக்கொடுக்கலாம். எந்தப் பிள்ளைகள் ஒரு குழுவுக்குள் சுலபமாக நுழைகிறார்கள் என்று மார்த்தா புட்டல்லாஸும் ஜான் காட்மனும் 1981-ல் ஆராய்ந்தார்கள். நுழைய முடியாதவர்கள் தன்னைப் பற்றிப் பேசினார்கள், கேள்வி கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள், நடப்பதைக் குறை சொன்னார்கள். நுழைந்தவர்கள் ஆட்டத்தின் போக்கோடு ஒட்டிப்போனார்கள்.

ஆகவே "போய் 'நானும் வரட்டுமா'ன்னு கேளு" என்று சொல்லி அனுப்புவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. அந்தக் கேள்வி ஓடும் ஆட்டத்தை நிறுத்துகிறது, 'வேணாம்' என்று சொல்ல வாய்ப்பும் கொடுக்கிறது. மாறாக, இரண்டு மூன்று எட்டு தள்ளி நின்று, யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே வேலையைப் பக்கத்திலேயே செய்யத் தொடங்கட்டும். பந்து அவள் பக்கம் உருண்டு வந்தால் எடுத்து வீசட்டும். மணலில் வீடு கட்டினால் கேட்காமலே நாலு கல் பொறுக்கிக் கொண்டுவந்து வைக்கட்டும். "சூப்பரா இருக்கே, இது வாசலா?" மாதிரி ஆட்டத்தைப் பற்றியே ஒரு வார்த்தை போதும். முதல் பத்து நிமிடம் விதியை மாற்றச் சொல்லக் கூடாது. வீட்டில் நீங்கள் இருவரும் ஏதாவது ஆடிக்கொண்டிருக்க, அவள் நுழைந்து பார்க்கட்டும். நாலைந்து முறை ஒத்திகை பார்த்த பிறகு பள்ளியில் செய்யலாம்.

சில சமயம் முடியாது. எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகளையும் பல நேரம் 'ஆள் நிறைஞ்சிடுச்சு' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் தோள் குலுக்கிவிட்டு வேறு குழுவுக்குப் போவார்கள், அல்லது சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வார்கள். "வேணாம்னு சொன்னா அடுத்து எங்க போவ?" என்று முன்கூட்டியே அவளோடு சேர்ந்து முடிவு செய்து வையுங்கள்.

இதற்கிடையில் ஒரே ஒரு சிநேகிதி கிடைத்தால் போதும். பத்துப் பேர் தேவையில்லை. அவள் வகுப்பில், அவளைப் போலவே அமைதியான ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். ஒருத்தியை மட்டும். மூன்று பேரானால் இருவர் சேர்ந்து ஒருத்தி தனித்துவிடுவாள். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் போதும், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். சேர்ந்து செய்யக்கூடிய இரண்டு வேலை, அட்டைப் பெட்டியில் ஏதாவது செய்வதோ மாவு பிசைவதோ, தயாராக இருக்கட்டும். மகள் யாருக்கும் கொடுக்க மனம் வராத பொம்மையை முன்னாலேயே அவளைக் கேட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். திரை அணைந்திருக்கட்டும். நீங்கள் பக்கத்து அறையில், காதில் விழும் தூரத்தில் இருங்கள். சிறு சண்டைக்கு உள்ளே போகாதீர்கள். அவர்களே காய் விட்டுப் பழம் விட இரண்டு நிமிடம் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் 'வேண்டாம்' என்று வெளிப்படையாகத் தள்ளுகிறார்கள் என்றால், அடுத்த இரண்டு கேள்விகளையும் தாண்டி, கேலி பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் பையன் அழுதால் தாத்தா 'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்கிறார். தடுத்தால் மாமனாரோடு மனஸ்தாபம். என்ன செய்ய?

தாத்தாவைப் பிள்ளைக்கு முன்னால் திருத்தாதீர்கள், அது இன்னொரு முறிவு. பையனிடம் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லுங்கள்: "பொம்மை உடைஞ்சது வருத்தமா இருக்கு, இல்லையா?" பெயர் கிடைத்த உணர்ச்சி கொஞ்சம் கைக்கு அடங்கும். பெயர் இல்லாத வருத்தம் பல பையன்களிடம் கோபமாகத்தான் வெளியே வரும். தாத்தாவிடம் தனியாக, "மாமா, அவன் அழுதா உங்ககிட்டதான் வர்றான். முதுகைத் தடவிக்கொடுத்தா சீக்கிரம் நின்னுடுது" என்று அவர் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். பேச்சை நிறுத்தச் சொல்வதைவிட இது எடுபடும்.

கேள்வி: பத்து வயசு அக்கா, ஏழு வயசு தம்பி. ஓயாத சண்டை. 'நீதானே பெரியவ, விட்டுக்குடு' என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மகள் 'நான் இந்த வீட்டுக்கு வேண்டாதவ' என்கிறாள்.
– இரண்டு பிள்ளைகளின் அம்மா

அந்த வாக்கியத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிறந்த வரிசைக்கு எப்போதும் ஒருத்தியே விலை கொடுத்தால், அவள் தம்பியை வெறுக்கத் தொடங்குவாள். தம்பியோ சத்தம் போட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான்.

உடன்பிறந்தோர் சண்டை வீணானது இல்லை. வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் பேச்சை ஜூடி டன்னும் உடன் ஆராய்ந்தவர்களும் கவனித்தார்கள். மூன்று வயதில் 'ஏன் கோபம், யாருக்கு வருத்தம்' என்ற பேச்சை அதிகம் கேட்டுப் பேசிய பிள்ளைகள், ஆறரை வயதில் மற்றவர் உணர்ச்சியை நன்றாகக் கண்டுகொண்டதாக 1991-ல் எழுதினார்கள். ஆகவே சண்டையின் நடுவில் என்ன பேசுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

கனடாவில் ஹில்டி ராஸ் பெற்றோருக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. நடுவராக இருங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். கத்தல் அடங்கும்வரை இருவரையும் பிரித்து உட்காரவையுங்கள். பிறகு ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, திட்டக் கூடாது என்று விதி சொல்லுங்கள். எதற்குச் சண்டை என்று இருவரும் சொல்லட்டும். அடுத்ததுதான் உயிர்நாடி. "அக்கா ஏன் கோபமா இருக்கான்னு நீ சொல்லு" என்று தம்பியிடமும், அதேபோல் அக்காவிடமும் கேளுங்கள். யாருடைய கோபத்தைச் சொன்னார்களோ அவர் "ஆமா, அதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே தீர்வுக்குப் போகலாம். தீர்வை அவர்கள் சொல்ல வேண்டும், அபத்தமாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு சண்டைக்கும் கால் மணி நேரம் போகும். பொறுமை போய் நடுவில் "சரி, யாருக்கும் கிடையாது, குடு இங்க" என்று பொருளைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடிபடும் சண்டையில் பேச்சுவார்த்தை வேண்டாம், உடனே பிரியுங்கள். ஒருவரே எப்போதும் அடிக்க, மற்றவர் எப்போதும் பயந்து ஒதுங்குகிறார் என்றால் அது சாதாரண உடன்பிறப்புச் சண்டை இல்லை, கொடுமை.

மகளுக்குத் தினமும் பத்து நிமிடம் தனியாகக் கொடுங்கள், தம்பி இல்லாமல். என்ன செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அறிவுரை, படிப்பு விசாரணை எதுவும் கூடாது. சண்டை போட்ட நாளிலும் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு அது அதிகம் தேவை.

கேள்வி: 12 வயசு மகனை வகுப்பில் நாலைந்து பேர் தினமும் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள், பையை ஒளித்துவைக்கிறார்கள். 'ஸ்கூல்ல சொல்லாதீங்க, இன்னும் மோசமாகும்' என்று கெஞ்சுகிறான். 'நீயும் திருப்பிக் குடு' என்றார் அவன் மாமா.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

இது விளையாட்டுக் கேலி இல்லை. பிள்ளைகளுக்கிடையே நடக்கும் கொடுமைக்கு நார்வே ஆய்வாளர் டான் ஓல்வேயஸ் சொன்ன மூன்று அடையாளமும் இதில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார்கள், திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், பலம் சமமாக இல்லை. நாலைந்து பேர் ஒரு பக்கம், ஒருவன் மறுபக்கம். சமமில்லாத இடத்தில் 'திருப்பிக் குடு' என்றால் அவனுக்கு அடிதான் மிஞ்சும், கடைசியில் தண்டனையும் அவனுக்கே கிடைக்கும்.

சொல்லாதீர்கள் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் இருதரப்பையும் எதிரெதிரே நிற்கவைத்து, கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வெளியே போனதும் 'போட்டுக் கொடுத்தவன்' என்று இரண்டு மடங்காகத் தொடரும். ஆகவே அவனிடம், "சொல்லாம இருக்க முடியாதுப்பா. ஆனா எப்படி, யார்கிட்ட சொல்றதுன்னு நீயும் நானும் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார், யார் பார்த்தார் என்று ஒரு வாரம் எழுதுங்கள். வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து அதைக் காட்டுங்கள். மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: சமரசக் கூட்டம் வேண்டாம், கேலி செய்பவர்களிடம் ஒவ்வொருவராகத் தனித்தனியே பேச வேண்டும், நோட்டில் குறித்த நேரத்திலும் இடத்திலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து மறுபடி சந்திக்க அன்றே நாள் குறித்துவிட்டு வாருங்கள். எழுத்திலும் ஒரு கடிதம் கொடுங்கள்.

பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் இதில் பெரிய சக்தி. கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களில் ஒளிப்பதிவு செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், கூட இருந்த பிள்ளை ஒருவர் தலையிட்டபோது 57 சதவீதத் தடவை பத்தே நொடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. தலையிடுபவர்கள்தான் குறைவு. அதனால் உங்கள் மகனோடு ஓரளவு பேசும் ஒரு பையனைக் கண்டுபிடித்து, இடைவேளையில் இருவரும் சேர்ந்திருக்க ஆசிரியர் ஏற்பாடு செய்தால், அதுவே பெரிய பாதுகாப்பு.

தூக்கம் கெடுவது, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, பிடித்த விஷயத்திலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். 'நான் இருந்து என்ன' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கேள்வி: 15 வயசு மகள் எங்களிடம் பேசுவதே இல்லை. சிநேகிதியிடம் மணிக்கணக்கில் பேசுகிறாள். பேசி முடித்ததும் முகம் இன்னும் வாடிப்போகிறது. சிநேகத்தை நிறுத்தலாமா?
– ஒரு தாய்

நிறுத்தினால் ரகசியமாகத் தொடரும், உங்களிடம் இருக்கும் கொஞ்சநஞ்ச வழியும் அடைபடும். இந்த வயதில் நண்பர்களின் பார்வைக்கு எடை கூடுவது இயல்பு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து 2005-ல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் சோதித்தபோது, 13 முதல் 16 வயதுக்காரர்கள் தனியாக இருந்ததைவிட நண்பர்கள் கூட இருந்தபோது அதிகம் துணிந்து ஆடினார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் வரவில்லை.

முகம் வாடுவதற்கு வேறு காரணம் இருக்கலாம். ஒரே கவலையை இருவரும் திரும்பத் திரும்பப் பேசி, 'அவ ஏன் அப்படிச் சொன்னா, என்ன அர்த்தம்' என்று அலசிக்கொண்டே இருப்பதை அமெரிக்காவின் அமாண்டா ரோஸ் 2002-ல் தனியாக அடையாளம் காட்டினார். அப்படிப் பேசுவதால் நட்பு நெருக்கமாகிறது, அதேசமயம் கவலையும் சோர்வும் கூடுகின்றன. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். இனிப்பும் கசப்பும் ஒரே கிண்ணத்தில் வருவதால் பிள்ளைக்கே பிரித்தறியத் தெரியாது.

பேச்சை மாற்ற வழி இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஏதாவது செய்ய வாய்ப்புக் கொடுங்கள்: நடை, நீச்சல், சமையல், எதுவும். கை வேலையாக இருந்தால் வாய் அதே இடத்தில் சுற்றாது. அந்தச் சிநேகிதியை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், ஒரு வேளை சாப்பாட்டில் நீங்களும் பழகலாம். மகளிடம் முகத்துக்கு நேராக உட்கார்ந்து "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, பக்கத்தில் இருந்தபடி, "அவகிட்ட பேசினப்புறம் உனக்கு லேசா இருக்கா, பாரமா இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து இரவு பதினோரு மணிக்கு, நீங்கள் விளக்கணைக்கப் போகும்போது, அறை வாசலில் வந்து நிற்பாள். அப்போது "நேரமாச்சு, தூங்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.